நடுச்சாமப் பூசையும் ஜிம்மியும்

கேள்வி:

டொக்டர் அவர்களுக்கு, குருநகரில் இருந்து எழுதுகிறேன். எங்கள் நாய் ஜிம்மிக்கு 11 வயது. போன நத்தாருக்கு அதைக் கோடியில் சங்கிலியில் கட்டிவிட்டு எல்லோரும் நடுச்சாமப் பூசைக்குப் போனோம். சீனவெடி தொடங்கியதும் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. மாமி பாசையூர் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினார். 27ஆம் திகதி காலை கரையில் ஒரு படகுக்குக் கீழே கிடந்தது. நான்கு பாதமும் புண்.

இந்த வருடம் கணவரின் தம்பி ரொறன்ரோவில் இருந்து 9, 6 வயதுப் பிள்ளைகள் இருவருடன் வருகிறார். ஜிம்மிக்குக் கேக் ஊட்டப்போவதாகவும் தங்களோடு படுக்கவைக்கப்போவதாகவும் பிள்ளைகள் இப்போதே வீடியோவில் சொல்கிறார்கள். மாமி நாயை வாசற்படி தாண்ட விடமாட்டார், சோறு வைப்பது அவர்தான் என்றாலும். போதாக்குறைக்கு, பாலன் குடிலுக்குப் பரப்பிய வைக்கோலில் ஜிம்மி போய்ப் படுக்கிறது. அது பாவம் என்கிறார். இந்த முறை நான் பூசைக்குப் போகாமல் ஜிம்மியுடன் நிற்கலாமா என்று யோசிக்கிறேன். "ஒரு நாய்க்காக ஆண்டவர் பிறந்த பூசையை விடுவதா?" என்று மாமி கேட்கிறார். நித்திரை மாத்திரை ஏதாவது கொடுத்துவிட்டுப் போகலாமா?

வாசகி, குருநகர்

பதில்:

நித்திரை மாத்திரையில் இருந்தே தொடங்குகிறேன். அதில் நானே ஒரு முறை பிழை விட்டிருக்கிறேன்.

வேலைக்கு வந்த புதிதில், ஒரு டிசம்பர் 31 மாலை, அயல்வீட்டார் கேட்டார்கள் என்று அவர்களுடைய நாய்க்கு அசிப்புரோமசின் கொடுத்தேன். அப்போது எல்லோரும் கொடுத்த மருந்துதான். நடுச்சாமம் தாண்டி மதிலால் எட்டிப் பார்த்தேன். நாய் சத்தமில்லாமல் கிடந்தது. வீட்டுக்காரருக்கு நல்ல திருப்தி. கிட்டப் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது: கண்கள் திறந்தே இருந்தன. ஒவ்வொரு வெடிக்கும் இமை துடித்தது. வாயோரம் வடிந்த எச்சில் சீமெந்துத் தரையில் ஒரு தட்டளவுக்குத் தேங்கியிருந்தது. அந்த மருந்து உடம்பைத்தான் கட்டிப்போடும், பயத்தைத் தொடாது. ஓடவும் முடியாமல் ஒளியவும் முடியாமல் அந்த நாய் முழு இரவையும் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறது. அதன் பிறகு வெடிச் சத்தத்துக்கு நான் அந்த மருந்தை எழுதுவதில்லை.

பயத்தையே குறைக்கிற மருந்துகள் இப்போது இருக்கின்றன. கபாபென்டின், டிரசோடோன் போன்றவற்றை நாயின் நிறையைப் பார்த்து, சிறுநீரகமும் ஈரலும் எப்படி இருக்கின்றன என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். வெடி தொடங்கிய பிறகு கொடுத்தால் பெரிய பயன் இல்லை. ஒன்றரை இரண்டு மணித்தியாலத்துக்கு முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். அத்தோடு நத்தார் இரவு அதைப் பரீட்சித்துப் பார்க்கிற இரவாக இருக்கக்கூடாது. அதற்கு முன் ஒரு சாதாரண நாளில் ஒரு முறை கொடுத்து நாய் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துவைக்க வேண்டும். வீட்டில் யாருக்கோ எழுதிக் கொடுத்த நித்திரை மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கும் வேலை வேண்டவே வேண்டாம். பனடோலும் வேண்டாம்.

ஜிம்மியின் வயதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முன்பு இவ்வளவு பயப்படாத நாய் கிழவயதில் சத்தத்துக்கு நடுங்கத் தொடங்கினால், நான் முதலில் காதைப் பார்ப்பதில்லை. இடுப்பையும் முழங்காலையும் பிடித்துப் பார்ப்பேன். மூட்டு நோகிற நாய் திடுக்கிட்டுத் துள்ளும்போது அந்த நோவும் சத்தத்தோடு சேர்ந்து அதன் மனதில் பதிந்துவிடுகிறது. அடுத்த முறை சத்தம் கேட்டாலே உடம்பு நோவை எதிர்பார்க்கும். நோவுக்கு வைத்தியம் செய்தாலே பயம் பாதியாகக் குறைந்த நாய்களைப் பார்த்திருக்கிறேன். காலையில் எழும்பும்போது ஜிம்மி பின்கால்களை இழுக்கிறதா, விறாந்தைப் படி ஏறத் தயங்குகிறதா என்று இந்தக் கிழமை கவனியுங்கள்.

இனிப் பூசை. பூசையை விடுவது பாவமா என்பதைத் தீர்க்க எனக்கு உரித்தில்லை; உங்கள் பங்குத்தந்தையைக் கேளுங்கள். எனக்குத் தெரிந்தவரை 24ஆம் திகதி மாலைப் பூசையும் 25ஆம் திகதி காலைப் பூசையும் நத்தார்ப் பூசைகள்தான். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறு. ஒரு முறை சங்கிலியை அறுத்து ஓடிய நாய் என்பதால் இந்த வருடம் யாராவது ஒருவர் வீட்டில் நிற்பது நல்லது என்றே நானும் சொல்வேன். அந்த ஒருவர் நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் முடிவு செய்தது? உங்கள் கணவர் இருக்கிறார். அவருடைய தம்பியும் வருகிறார். நத்தாருக்கு ஒருவர் நின்றால் 31ஆம் திகதி இரவுக்கு மற்றவர் நிற்கலாம், ஏனென்றால் அன்றைய வெடி நத்தாரையும் வென்றுவிடும். இன்னுமொரு கணக்கு: இங்கே நடுச்சாமம் ஆகும்போது ரொறன்ரோவில் பகல் ஒன்றரை மணி. வந்து இரண்டு மூன்று நாளில் அந்தப் பிள்ளைகளுக்கு நித்திரை எங்கே வரப்போகிறது? பூசைக்குக் கூட்டிப்போகாவிட்டால் அவர்களுக்கும் வீட்டில் ஒரு பெரிய ஆள் வேண்டும். அந்த ஆளே ஜிம்மிக்கும் போதும்.

நிற்பவர் செய்ய வேண்டியது அதிகமில்லை. வீட்டின் உள்பக்கமாக, தெருவுக்கு முகம் காட்டாத ஓர் அறையை இப்போதே தெரிவு செய்யுங்கள். சாமான் அறையாக இருந்தாலும் பரவாயில்லை. இன்றிலிருந்து ஜிம்மியின் ஒரு நேரச் சோற்றை அங்கே வையுங்கள். 24ஆம் திகதிதான் முதன்முதலாக அங்கே தள்ளிக் கதவைப் பூட்டினீர்கள் என்றால் அது அதற்கு மறியல். மூன்று கிழமை சோறு தின்ற இடம் என்றால் அது அதன் வீடு. அன்று வெயில் தாழும்போதே நடக்கக் கூட்டிப்போய், வெளிக்குப் போகவைத்து, இருட்டுவதற்கு முன் உள்ளே எடுங்கள். யன்னலைச் சாத்தி, மின்விசிறியைப் போட்டு, வானொலியைச் சற்று உரக்க வையுங்கள். சங்கிலி மட்டும் வேண்டாம். கட்டியிருக்கிற நாய்க்கு ஓடி ஒளிய வழியில்லை. பயத்தில் பாய்ந்து கழுத்தை முறித்துக்கொள்ளும், அல்லது உங்கள் ஜிம்மியைப் போல அறுத்துக்கொண்டு போகும். எதற்கும் ஒரு கழுத்துப்பட்டியில் உங்கள் தொலைபேசி எண்ணை அழியாத மையால் எழுதிக் கட்டிவிடுங்கள். போன முறை அது இருந்திருந்தால் 25ஆம் திகதியே கரையில் யாராவது உங்களுக்கு அழைப்பு எடுத்திருப்பார்கள்.

பயந்து வந்து மடியில் தலையை வைத்தால் தடவிக் கொடுங்கள். "தடவினால் பயம் பழகிவிடும்" என்று ஊரில் ஒரு கதை இருக்கிறது. அது பிழை. பயம் என்பது பழக்கித் தருகிற வித்தை அல்ல. ஆறுதல் கொடுத்தால் அது அதிகரிக்காது. வெடிக்கு ஒரு துண்டு அவித்த கோழி என்று கொடுத்துக்கொண்டே இருந்தால், தின்னக்கூடிய நிலையில் இருக்கிற நாய் சத்தத்துக்குப் பிறகு கோழியை எதிர்பார்க்கத் தொடங்கும். நாயின் காது 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். எங்களுடையது 20,000 உடன் நின்றுவிடுகிறது. எங்களுக்கு "டும்" என்று ஒன்று கேட்கிற இடத்தில் அதற்கு எங்களுக்குத் தெரியாத கீச்சுகளும் சேர்ந்து கேட்கின்றன. மற்றபடி, சத்தத்துக்கு நடுங்குவது என்றால் என்ன என்று எங்கள் ஊரில் ஐம்பது வயதைக் கடந்த எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் மாமிக்கு நிச்சயமாக இல்லை.

மாமி என்றதும் குடிலுக்கு வருகிறேன். கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். டிசம்பர் மாதம், வாடைக்காற்று, விட்டுவிட்டு மழை. முற்றம் சேறு, கோடி அதைவிடச் சேறு. விறாந்தைச் சீமெந்து குளிர்ந்துபோய்க் கிடக்கும். அந்த வளவு முழுவதிலும் ஈரமில்லாத, மெத்தென்ற, காற்றுப் படாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. மேலே பனையோலைக் கூரை, கீழே காய்ந்த வைக்கோல், பக்கத்தில் சின்ன மின்குமிழ்களின் சூடு வேறு. மூட்டு நோகிற 11 வயது நாய்க்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? அதற்குச் சூசையப்பர் யார், இடையர் யார் என்று தெரியாது. நல்ல படுக்கை தெரியும்.

ஆகவே அடித்துத் துரத்துவதில் பயனில்லை. இன்னுமொரு படுக்கை செய்து கொடுங்கள். ஒரு சாக்கில் வைக்கோலைத் திணித்து வாயைத் தைத்து, நான்கு செங்கல்லின் மேல் ஒரு பலகை போட்டு அதன் மேல் வையுங்கள். நிலத்தில் இருந்து அரை அடி உயர்ந்தாலே ஈரம் ஏறாது. மழைச்சாரல் படாத விறாந்தை மூலை போதும். இரண்டு கிழமைக்கு ஒரு முறை வைக்கோலை மாற்றுங்கள், இல்லாவிட்டால் உண்ணியும் தெள்ளும் குடியேறிவிடும். சாக்குப் பழகும்வரை குடிலின் முன்னே குறுக்காக ஒரு தடுப்பு வையுங்கள். அந்த மின்குமிழ் வயர்களுக்காகவும் அது தேவை.

மாமி பாவம் என்கிறாரே என்றால், அவரோடு வாதாட உங்களுக்கு என்னைவிடப் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். 1223இல் இத்தாலியின் கிரேச்சியோ என்ற ஊரில் அசிசி பிரான்சிஸ் நத்தார் இரவுக் காட்சியை அமைத்தபோது சுருவங்களையா வைத்தார்? உயிருள்ள மாட்டையும் கழுதையையும் வைக்கோலையும் கொண்டுவந்து அங்கேயே பூசை நடக்கச் செய்தார். நாங்கள் இன்று ஓலை பின்னிக் குடில் கட்டுவதற்கு அதுவும் ஒரு தொடக்கம். மாடும் கழுதையும் சரி, நாய் எங்கே என்று மாமி கேட்பார். தோபித்து ஆகமத்தைக் காட்டுங்கள். இளம் தோபியா வானதூதர் இரபேலுடன் தூரப் பயணம் புறப்படும்போது நாயும் கூடவே போகிறது. திரும்பி வரும்போதும் அவர்களுக்குப் பின்னால் வருகிறது. கதைக்கு அந்த நாயால் ஒரு பிரயோசனமும் இல்லை. பேயை ஓட்டவில்லை, மருந்து கண்டுபிடிக்கவில்லை. சும்மா கூடப் போய்வந்தது. எழுதியவர் அதை விட்டுவிட மனமில்லாமல் எழுதிவைத்திருக்கிறார்.

மாமியின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விலங்குகளுக்கு அன்பு காட்டக் கடமைப்பட்டிருக்கிறோம் என்று சொல்கிற அதே திருச்சபைப் போதனைதான், மனிதத் துயர் துடைக்க வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவது தகாது என்றும் சொல்கிறது. வெளிநாட்டில் இருந்து நாய்க்கு நத்தார்ச் சட்டை வாங்கி வருகிறவர்களை நானும் பார்க்கிறேன். நாய் அதைக் கடித்துக் கழற்றப் பாடுபடுகிறது. நான் கேட்பது ஒரு சாக்கு, ஒரு பலகை, நான்கு செங்கல்.

உண்மையில் இந்த வாதம் உங்களுக்குத் தேவையே இல்லை என்று நினைக்கிறேன். கடிதத்தில் நீங்களே எழுதிவிட்டுத் தாண்டிப்போன வரியைத் திரும்ப வாசியுங்கள். நாய் காணாமல் போனபோது அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தியது யார்? சோறு வைப்பது யார்? நாயை வாசற்படி தாண்ட விடாதவர் வேறு, நாயை வெறுப்பவர் வேறு. எங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் நாய்க்கு ஓர் எல்லை இருந்தது. அந்த எல்லைக்குள் அதற்கு ஒரு குறையும் இருக்கவில்லை. மாமியிடம் நாயை வீட்டுக்குள் விடச் சொல்லிக் கேட்காதீர்கள். வெடி போடுகிற இரண்டு இரவுக்கும், அதுவரை ஒரு நேரச் சோற்றுக்கும் மட்டும் சாமான் அறையைக் கேளுங்கள். தருவார்.

படுக்கைப் பிரச்சினையும் அதோடு தீர்ந்தது. புது மணம், புதுப் பிள்ளைகள், அதோடு வெடி. அந்த நிலையில் இருக்கிற கிழ நாயை ஆறு வயதுப் பிள்ளையோடு ஒரே கட்டிலில் நானும் விடமாட்டேன். ஜிம்மி எவ்வளவு சாதுவாக இருந்தாலும் சரி. தூங்கும்போதும் தின்னும்போதும் தொடக்கூடாது, கட்டிப்பிடித்து முகத்தோடு முகம் வைக்கக்கூடாது, நாய் எழும்பி விலகினால் பின்னால் போகக்கூடாது. இந்த மூன்றையும் வீடியோவிலேயே சொல்லிவையுங்கள். களைப்பில்லாத நேரத்தில் நாய் கொட்டாவி விட்டு, உதட்டை நக்கி, வெள்ளைவிழி தெரியப் பார்த்தால் அது "போதும்" என்கிறது என்று அர்த்தம். ஒன்பது வயதுப் பிள்ளை இதை விளையாட்டாகவே கற்றுக்கொள்ளும்.

விசர்நாய்த் தடுப்பூசி இந்த வருடம் போட்டாயிற்றா என்று அட்டையைப் பாருங்கள். இல்லையென்றால் நத்தார்வரை காத்திருக்க வேண்டாம். போட்டிருந்தாலும், ஜிம்மியோ தெருநாயோ பல் பதித்தால் உடனே சவர்க்காரமும் ஓடுகிற தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். மஞ்சளும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். பண்டிகை நாள் என்று அடுத்த நாளுக்குத் தள்ளவும் வேண்டாம்.

கேக்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயம். ரிச் கேக்கில் என்னவெல்லாம் போடுகிறோம்? நாங்கள் பிளம்ஸ் என்கிற முந்திரிகை வற்றல் (உலர்ந்த திராட்சை), பிரண்டி, முழுக்க முழுக்கப் பட்டர். முந்திரிகை வற்றல் சில நாய்களின் சிறுநீரகத்தை இரண்டு மூன்று நாளில் நிறுத்திவிடும். இவ்வளவு தின்றால் ஆபத்தில்லை என்று சொல்ல ஓர் அளவு கிடையாது. ஒரு நாய் கைநிறையத் தின்று தப்பும், இன்னொன்று கொஞ்சத்தில் விழும். அதிலுள்ள தார்த்தாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று 2021இல் அமெரிக்கக் கால்நடை நச்சியல் வைத்தியர்கள் சுட்டிக்காட்டினார்கள். அதைக் கேட்டதும் எனக்கு எங்கள் குசினிதான் நினைவுக்கு வந்தது. பழப்புளியிலும் அதே அமிலம்தான் நிறைய இருக்கிறது. மாமி ஜிம்மிக்கு மீன் வைப்பதென்றால் குழம்பில் இருந்து எடுக்காமல், புளியும் வெங்காயமும் சேர்வதற்கு முன் வெறும் தண்ணீரில் அவித்து, முள் நீக்கி வைக்கச் சொல்லுங்கள்.

பொதிகளையும் கவனியுங்கள். ரொறன்ரோ சூட்கேசில் சொக்லேட் வரும். கறுப்புச் சொக்லேட் 100 கிராம் 15 கிலோ நாயின் இதயத்தைத் தாறுமாறாக அடிக்கவைக்கப் போதும். அதைவிட மோசம், வீட்டில் சீனி வருத்தக்காரருக்கென்று அன்பாகக் கொண்டுவருகிற சீனி இல்லாத இனிப்பும் சூயிங்கமும். சீனிக்குப் பதிலாகப் போடுகிற சைலிட்டோல் சேர்த்தது என்றால் அரை மணித்தியாலத்தில் நாயின் இரத்தச் சீனி விழுந்து தள்ளாடும், வலிப்பு வரும். சூட்கேஸ்களை நிலத்தில் திறந்து போட்டுவிட்டு எல்லோரும் கதைக்கப் போகிற அந்த முதல் மணித்தியாலம்தான் ஆபத்து. அயலுக்குப் போய்வருகிற பலகாரத் தட்டுகளும் அப்படித்தான். நாயின் மூக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். இறைச்சி எலும்பு அவித்தது என்றால் எதுவும் வேண்டாம்.

தின்றுவிட்டது என்று தெரிந்தால் வாந்தி வரட்டும், பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று குறித்து, சுற்றியிருந்த தாளையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியரிடம் போங்கள். முதல் இரண்டு மணித்தியாலத்தில் வாந்தி எடுக்கவைத்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம். உப்புத் தண்ணீர் பருக்காதீர்கள், உப்பே நஞ்சாகிவிடும். 25ஆம் திகதி அரச கால்நடை வைத்தியர் பணிமனை பூட்டியிருக்கும். அன்று யாருக்கு அழைப்பு எடுக்கலாம் என்பதை இப்போதே விசாரித்துக் குளிரூட்டிக் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

ஊட்டும் ஆசையையும் கெடுக்க வேண்டாம். பூசணிக்காய்த் துண்டு, கரட், உப்பில்லாமல் அவித்த எலும்பில்லாக் கோழி, இவற்றை ஒரு பேணியில் போட்டு "ஜிம்மியின் கேக்" என்று எழுதி மூத்த பிள்ளையின் கையில் கொடுங்கள். தாங்களே கொடுக்கலாம், அந்தப் பேணியில் இருந்து மட்டும் என்பது நிபந்தனை.

மூட்டைப் பார்ப்பதற்கும், மருந்துக்கு நிறை பார்ப்பதற்கும், ஊசி அட்டையைப் பார்ப்பதற்கும் வருகிற கிழமை ஜிம்மியை அருகில் உள்ள கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோங்கள். பரிசோதிக்கும்போது நாயை அசையாமல் பிடிக்க, அது நம்புகிற ஒரு கை வேண்டும். மாமியையும் கூட்டிப்போங்கள்.